வாசகர் கேள்வி – பதில்: மடத்து வாசலில் நின்ற இருவர்

கேள்வி: பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டப்பட்ட கார்மெல் கன்னியர் 16 பேரைப் பற்றி எங்கள் கோயில் பூசையில் ஃபாதர் பேசினார். நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் என் பாட்டி கன்னியர் மடத்தில் வேலை பார்த்தவர். அந்த 16 பேரில் அவரைப் போன்ற வேலையாள் எவரேனும் இருந்தார்களா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இருந்தார்கள், அம்மா. கத்தரீன், தெரேஸ் சொய்ரோன் என்னும் உடன்பிறந்த சகோதரிகள் இருவர், பிரான்சின் கொம்பியேன் நகரத்தில், கன்னியர் வெளியே வராமல் வாழும் அடைபட்ட மடத்தில் வெளிவேலைகளைப் பார்த்துவந்தவர்கள். கன்னியருக்குரிய வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, அவர்களைக் கட்டவில்லை. 1792 செப்டம்பரில் மடத்தார் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது அவர்கள் தங்கள் வழியே போயிருக்கலாம். போகவில்லை. கன்னியர் சிறுசிறு குழுக்களாக வீடுகளில் மறைவாகச் செபித்து, நாட்டின் அமைதிக்காகத் தங்கள் உயிரை நாள்தோறும் ஒப்புக்கொடுத்துவந்த நாள்களிலும் உடனிருந்து, 1794 ஜூனில் அவர்களுடனேயே கைதானார்கள்.

சிறையில் நடந்த ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பாரீசுக்குக் கொண்டுபோகும் உத்தரவு வந்த வேளையில், அவர்களுடைய சாதாரண உடைகள் துவைப்பதற்காக நனைந்து கிடந்தன. அதனால் சட்டம் தடுத்த துறவற உடையிலேயே அவர்கள் புறப்பட நேர்ந்தது. விட்டுப்போன அந்தச் சாதாரண உடைகளைத்தான், அதே சிறையில் இருந்த ஆங்கிலேய பெனடிக்ட் சபைக் கன்னியர் அணிந்துகொண்டு 1795இல் தாயகம் திரும்பினார்கள்.

ஜூலை 17 அன்று விசாரணை, அன்றே கில்லட்டின் என்னும் தலைவெட்டும் பொறியில் மரணம். வண்டியில் போகும் வழியெல்லாம் பாடிக்கொண்டே சென்றார்கள். முதலில் ஏறியவர் மிக இளையவரான கான்ஸ்டன்ஸ். வார்த்தைப்பாடு கூடாதென்ற அரசாணையால் பல ஆண்டுகள் நவகன்னியாகவே, அதாவது பயிற்சி நிலையிலேயே, காத்திருந்த அவர், தலைவியின் முன் முழந்தாளிட்டு, சாவதற்கு அனுமதி கேட்டு, 117ஆம் திருப்பாடலைப் பாடியபடி படியேறினார். தம் பிள்ளைகள் அனைவரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாகத் தலைவி ஏறினார். பத்தே நாளில், இத்தகைய கொலைகளை நடத்திய புரட்சித் தலைவர் ரொபெஸ்பியரின் ஆட்சி கவிழ்ந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பாரீசின் பிக்புஸ் மயானத்துப் பொதுக்குழியில் தலைவியும் வெளிவேலை பார்த்தவர்களும் ஒன்றாகவே கிடக்கிறார்கள். 1906இல், புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் பட்டமும், 2024 டிசம்பர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிசால் புனிதர் நிலையும் 16 பேருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டன. வரும் ஜூலை 17 அன்று பாட்டிக்காகப் பூசைக் கருத்து கொடுக்கும்போது, கத்தரீன், தெரேஸ் பெயர்களையும் ஃபாதரிடம் எழுதிக் கொடுங்கள்.