மருந்து மரபணுவியலையும் போதை ஆய்வையும் நம்பி ஆராய்ச்சிக்குப் போகலாமா?

பி.பார்ம் முடித்துவிட்டு, மரபணுவைப் பார்த்து மருந்து தேர்ந்தெடுக்கும் துறையில், அதுவும் போதைப் பழக்கம் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை என்று கேட்டிருக்கிறீர்கள். டொராண்டோவில் இதே துறையில் முனைவர் பட்டம் வாங்கி, பதினோரு வருடமாக இதிலேயே இருக்கிறேன். போகலாம். ஆனால் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போங்கள்.

சிகரெட்டை வைத்தே சொல்கிறேன். உடம்புக்குள் போன நிகோட்டினைப் பெரும்பாலும் சிதைப்பது கல்லீரலில் உள்ள சிஒய்பி2ஏ6 என்ற நொதி. அதற்கான மரபணு ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலருக்கு நிகோட்டின் சட்டென்று தீர்ந்துவிடும், சிலருக்கு வெகுநேரம் நிற்கும். நிகோட்டின் கோட்டினினாக மாறி, அதிலிருந்து ஹைட்ராக்சிகோட்டினின் வருகிறது. ரத்தத்தில் இந்த இரண்டின் விகிதத்தைப் பார்த்தாலே ஒருவர் எந்த ரகம் என்று தெரியும். என் முதல் மூன்று வருடங்கள் அந்த விகிதத்தை அளப்பதிலேயே போயின.

கேரின் லெர்மன், ரேச்சல் டின்டேல் என்ற ஆய்வாளர்களின் குழுவினர், சிகரெட்டை நிறுத்த விரும்பிய 1,246 பேரிடம் இதைச் சோதித்து 2015ல் முடிவை வெளியிட்டார்கள். நிகோட்டினை வழக்கமான வேகத்தில் சிதைப்பவர்களுக்கு, தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்சைவிட, சிகரெட் ஆசையைக் குறைக்கும் வரெனிக்ளின் மாத்திரை நன்றாக வேலை செய்தது. மெதுவாகச் சிதைப்பவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், மாத்திரையில் பக்கவிளைவு மட்டும் கூடுதல்.

இதைப் படித்த சில மாதங்களில், ஆய்வுக்கு வந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "மூண்டு தரம் பேட்ச் ஒட்டிப் பாத்திட்டன் தம்பி, எனக்கு மனஉறுதி காணாதோ?" வீட்டில் எல்லோரும் அவரை அப்படித்தான் திட்டியிருக்கிறார்கள். அவருக்குக் கொடுத்த மருந்தே பொருந்தாததாக இருந்திருக்கலாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நான் இந்தத் துறையை விடாததற்கு அந்த நிமிடமும் ஒரு காரணம்.

சரி, கஷ்டமான பக்கம். மதுப் பழக்கத்தைக் கைவிட உதவும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்து, ஓபிஆர்எம்1 மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கு நன்றாகப் பலன் தருகிறது என்று 2003ல் ஒரு ஆய்வு சொன்னது. எல்லோரும் அதன் பின்னால் ஓடினோம். மரபணுவை முதலிலேயே பார்த்து, ஆட்களைப் பிரித்து நடத்திய சோதனையின் முடிவு 2015ல் வந்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. என் ஆய்வேட்டின் முதல் கண்டுபிடிப்பும் வேறொரு குழுவினரிடம் மறுபடி சோதித்தபோது காணாமல் போனது. எட்டு மாத உழைப்பு. இது உங்களுக்கும் நடக்கும். நிரந்தரப் பேராசிரியர் இடங்களும் குறைவு, நிதி விண்ணப்பம் எழுதுவதே பாதி வேலை.

இன்னொன்று: இந்தத் துறையின் மரபணுத் தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் மக்களைப் பற்றிய தரவு மிகக் குறைவு. உங்களைப் போன்றவர்கள் வரவேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான்.

விண்ணப்பிக்கும் முன் புள்ளியியலும், தரவை அலசப் பயன்படும் ஆர் (R) என்ற கணினி மொழியும் படித்துவிடுங்கள். அப்புறம், ஊரில் உள்ள போதை மீட்பு மையம் எதிலாவது அனுமதி வாங்கி, ஒரு மாதம் உட்கார்ந்து அங்கு வருபவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.