வலி வரட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: மருமகளுக்கு எட்டாம் மாதம். மருத்துவமனைக்குப் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும். 'வலி வரட்டும், பார்த்துக்கலாம்' என்கிறான் மகன். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயம்தான் அம்மா. நான் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தபோது ஒரு பெண் வந்தாள். கட்டியிருந்த துணி நனைந்து, பாதி காய்ந்தும் போயிருந்தது. பனிக்குடம் உடைந்தது முந்தின இரவு. கணவர் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருந்தார்களாம்!

கிளம்ப முடிவெடுப்பது, போய்ச் சேர்வது, சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பது என்று மூன்று தாமதங்களை ததேயஸ், மேய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் பிரித்துச் சொன்னார்கள். முதலாவது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் வரும் கடும் ரத்தப்போக்கு 2 மணி நேரத்தில்கூட உயிரைப் பறித்துவிடும். உங்களுக்கு வழியே ஒன்றரை மணி.

ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். யாரையும் கேட்காமல் கிளம்பலாம் என்று மருமகளிடமே சொல்லிவிடுங்கள். ராத்திரியில் வரக்கூடிய இரண்டு ஓட்டுநர்களின் எண்களைச் சுவரில் எழுதுங்கள், செல்போனில் மட்டும் வேண்டாம். முடிந்தால் கடைசி இரண்டு வாரம் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க வையுங்கள். மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.