சப்-காண்டிராக்ட் எடுக்கலாமா? முதலில் நாலு மாதச் செலவைக் கையில் எண்ணுங்கள்

கேள்வி: ஈரோட்டில் எட்டு வருடமாக வீடு கட்டித் தருகிறேன். ஒரு பெரிய காண்டிராக்டர் எடுத்த அரசுப் பள்ளிக் கட்டடத்தை 60 லட்சத்துக்கு சப்-காண்டிராக்டாக எனக்கு வாங்கித் தருவதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். 2 சதவீதம் கமிஷன் முன்கூட்டியே கேட்கிறார். எடுத்தால் தொழில் வளருமா?

பதில்: லாபம் பத்து சதவீதமா, பன்னிரண்டா என்பதெல்லாம் அப்புறம். வீட்டு வேலையில் பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் என்று ஒவ்வொரு நிலைக்கும் வீட்டுக்காரர் முன்பணம் தருகிறார். இங்கே உங்கள் காசில்தான் கட்டடம் எழும்பும். மாதம் 10 லட்சத்துக்கு வேலை ஓடினால் செலவு 9 லட்சம். மாதக் கடைசியில் பில் போட்டு 90 நாளில் பணம் வந்தால்கூட, முதல் ரூபாயைப் பார்ப்பதற்குள் 36 லட்சம் இறங்கியிருக்கும். கம்பிக்கடையில் தவணை சொல்லலாம். சனிக்கிழமைக் கூலிக்குச் சொல்ல முடியாது.

ஜிஎஸ்டி வேறு. 10 லட்சம் பில்லுக்கு 1.8 லட்சம். சிமெண்ட், கம்பி வாங்கியதில் 75,000 கழிந்தாலும், மீதி 1.05 லட்சத்தை அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கைக்கு வராத பணத்துக்கு வரி! எந்தப் புண்ணியவான் யோசித்ததோ. 60 லட்சத்தில் வரி அடக்கம் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 50.85 லட்சம்தான். அதை எழுத்தில் வாங்குங்கள்.

பலர் விழும் குழி இதற்கு அடுத்தது: கூலிக்குப் பணம் பற்றாதபோது வீட்டுக்காரர் கொடுத்த முன்பணத்தை இங்கே திருப்புவது. இரண்டு வேலையும் நின்றுவிடும்.

தரகருக்கு முன்பணமாக ஒரு பைசா தராதீர்கள். துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்குத்தகை விடக்கூடாது என்பது அரசு டெண்டர்களில் வழக்கமான நிபந்தனை. விடுவது எல்லோருக்கும் தெரியும், யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் முடிந்த வேலையின் அளவைத் துறை பதியும் எம்-புக்கில் ஏறுவது மெயின் காண்டிராக்டர் பெயர். தகராறு வந்தால் காகிதத்தில் நீங்கள் இல்லவே இல்லை. அவர் லெட்டர்ஹெட்டில் ஒர்க் ஆர்டர் வாங்குங்கள். அதில் ‘துறையிலிருந்து பணம் வந்ததும் தரப்படும்’ என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு, ‘அளவெடுத்த 15 நாளில்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

‘சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இருக்கிறதே, அதைச் செய்தவருக்கு 45 நாளில் பணம் தந்தாக வேண்டுமே’ என்பீர்கள். சட்டம் 2006-லிருந்தே இருக்கிறது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டியும் உண்டு. ஆனால் பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்த வேலை இந்தச் சட்டத்துக்குள் வராது என்று உயர் நீதிமன்றங்கள் சில தீர்ப்பளித்திருக்கின்றன. சிமெண்ட் கல்லை நீங்களே தயாரித்து சப்ளை மட்டும் செய்தால் வரும். அதே கல்லை வைத்துச் சுவர் எழுப்பினால் வழக்காகிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது இதைத்தான். இருந்தாலும், பதிவு இன்னும் செய்யவில்லை என்றால் வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். அரசு இணையதளத்தில் அது இலவசம். அதற்கும் சில ஆயிரம் கேட்கும் ஆட்கள் உண்டு.

36 லட்சம் புரட்ட முடியாதென்றால் லேபர் காண்டிராக்டாகக் கேளுங்கள். சிமெண்ட், கம்பி, மணல் மெயின் காண்டிராக்டர் பொறுப்பு; கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் கூலி உங்களுடையது, வாராவாரம் அளவெடுத்துப் பட்டுவாடா. இரண்டு வாரம் பணம் வராவிட்டால் மூன்றாவது திங்கட்கிழமை ஆள் அனுப்பாதீர்கள்.