நாளுக்கு இரண்டு அலகு: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மின்பட்டியலையும் எரிபொருட் செலவையும் பற்றியவை. ஆகையால் ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 2025 பங்குனி மாதத்தில் எங்கள் வீட்டு மின்பாவனை 58 அலகு. சித்திரையில் அது 63 ஆனது. கூடியது ஐந்து அலகுதான். பணமோ இரண்டு மடங்குக்கு மேலாகிவிட்டது. மானி பழுதாகிவிட்டதா? எங்கே முறையிட வேண்டும்?
*குடும்பத் தலைவி, தர்மபுரம்*

பதில்: சகோதரி, உங்கள் மானியில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் ஒரு படியைத் தாண்டியிருக்கிறீர்கள். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 60 அலகைத் தாண்டியதும், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் 60 அலகுகளுக்கும் சேர்த்தே விலை மாறிவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி, 60 அலகுக்கு உட்பட்ட வீட்டில் முதல் 30 அலகுகளுக்குத் தலா 4 ரூபாவும் அடுத்த 30 அலகுகளுக்குத் தலா 6 ரூபாவும் அறவிடப்பட்டன. ஆகவே உங்கள் 58 அலகுக்கு 288 ரூபா. 60ஐத் தாண்டிய வீட்டிலோ முதல் 60 அலகுகளும் தலா 11 ரூபா, அதற்கு மேல் 90 வரை தலா 14 ரூபா. ஆகவே 63 அலகுக்கு 702 ரூபா. ஐந்து அலகின் விலை 414 ரூபாவாகிவிட்டது. இதற்கு மேல் மாதாந்த நிலையான கட்டணமும் படியோடு சேர்ந்து ஏறும். 2025 ஜூனில் கட்டணம் சராசரியாக 15 சதவீதம் உயர்த்தப்பட்டபோது ரூபாக் கணக்கு மாறியது, ஆனால் படிகள் அப்படியே இருந்தன.

ஆகவே நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்றே: நாளுக்கு இரண்டு அலகு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மானியின் எண்ணை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். வாரத்துக்கு 14க்குள் நின்றால் நீங்கள் படிக்குக் கீழே இருக்கிறீர்கள். மானி வாசிப்பவர் பிந்தி வந்ததால்தான் கூடிவிட்டது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. படியின் எல்லை நாட்கணக்கைப் பொறுத்து விரியும். 33 நாட்களுக்கான பட்டியலில் 60 என்பது 66 ஆகும். பட்டியலில் உள்ள இரு திகதிகளையும் பார்த்து நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பின்னரும் கணக்கு ஒவ்வாவிட்டால், உங்கள் பிரதேச மின்சார அலுவலகத்தில் மானியைச் சோதித்துத் தருமாறு எழுத்தில் கேளுங்கள். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

அந்த ஐந்து அலகு எங்கே போயிருக்கும்? 1,000 வாட் பொருள் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் அலகு. ஒளி தரும் பொருள்களில் தேடாதீர்கள். சூடாக்கும் பொருள்களிலும் நெடுநேரம் சுழலும் பொருள்களிலும் தேடுங்கள். 9 வாட் எல்ஈடி மின்குமிழ் ஒன்று நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒன்றரை அலகைத் தொடாது. 1,500 வாட் மின்கேத்தலோ பத்து நிமிடத்தில் கால் அலகை எடுத்துவிடும். நாளுக்கு நான்கு தடவை தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் வீட்டில் அது மட்டுமே மாதம் 30 அலகு. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் மின்விசிறி இரவும் பகலும் சுழல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய வகை விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில் புதிய பிஎல்டிசி வகை 30 வாட் அளவிலேயே சுழலும். அடுத்த விசிறி வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். தேநீருக்கான தண்ணீரைக் காலையில் விறகடுப்பிலே ஒரே தடவையாகக் கொதிக்க வைத்துச் சுடுநீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பது இன்னும் எளிது. ஜாம் போத்தலில் பஞ்சும் திரியும் வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெயில் இரவு முழுவதும் படித்த தலைமுறை நம்முடையது. கணக்குப் பார்த்து எரிப்பது நமக்குப் புதிதன்று.

கேள்வி: கைத்தொலைபேசியை இரவு முழுவதும் மின்னேற்ற விடுவதால் பட்டியல் கூடுமா?
*மாணவர், மல்லாவி*

பதில்: மாதம் முழுவதும் சேர்த்தாலும் ஓர் அலகுக்குள் அடங்கிவிடும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: நூறு கோழிக்குஞ்சுகள் வாங்கி வளர்க்கிறேன். சூட்டுக்காக 100 வாட் மஞ்சள் மின்குமிழ்கள் இரண்டை இரவு பகலாக எரிய விடுகிறேன். இலாபம் முழுவதும் மின்சாரத்துக்கே போகும் போலிருக்கிறது. எல்ஈடி குமிழ் போடலாமா?
*ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்*

பதில்: எல்ஈடி குமிழ் ஒளி தரும், சூடு தராது. குஞ்சுகள் விறைத்துவிடும். நீங்கள் இப்போது எரிப்பது நாளுக்கு 4.8 அலகு; பதினான்கு நாளில் 67 அலகு. அதாவது ஒரு வீட்டின் முழு மாதப் பாவனையைக் குஞ்சுகள் இரண்டு வாரத்தில் எடுத்துவிடுகின்றன. முதல் வாரத்தில் குஞ்சுக்கு வேண்டியது 32 முதல் 35 பாகை செல்சியஸ். அதன்பின் வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று பாகை குறைத்துக்கொண்டு வரலாம். சோளகம் வீசும் மாதங்களில் வன்னியின் நடுப்பகல் வெயில் அந்தச் சூட்டைச் செலவின்றித் தருகிறது. அந்நேரம் குமிழை அணைத்துவிட்டுக் குஞ்சுகளைக் கவனியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கத்தினால் குளிர்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்கி ஓரமாக ஒதுங்கினால் சூடு கூடிவிட்டது. பரவலாகப் படுத்திருந்தால் சரி. இரவு பன்னிரண்டு மணி நேரம் மட்டும் எரித்தால் செலவு பாதியாகும். வட்டமாகத் தகரத் தடுப்பு வைத்து, உமியைத் தடிப்பாகப் பரப்பி, குமிழைத் தாழ்த்தி, காற்று போக இடம் விட்டு மேலே சாக்கு மூடினால் ஒரு குமிழே போதுமாகவும் இருக்கலாம்.

மின்சாரத்துக்குப் பதிலாகத் தணற்சட்டி வைக்கலாமா என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். காற்றோட்டமுள்ள தனிக் கொட்டிலில், தீ பரவாதவாறு கட்டிடக் கற்களால் அடைத்து வைக்கலாம். ஆனால் மனிதர் படுக்கும் அறைக்குள், அதிலும் பிள்ளை பெற்ற தாயும் சிசுவும் இருக்கும் அறையின் கதவையும் யன்னலையும் சாத்திவிட்டுத் தணல் வைப்பதை உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன், செய்யவே வேண்டாம். கரியிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டு போய்விடும். 2022 மார்கழியில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய வாடையில் குழந்தைக்கு வேண்டியது ஈரமில்லாத உடுப்பு, தலைக்குத் தொப்பி, தாயின் மார்புச் சூடு. இவற்றுக்குப் பட்டியல் வராது.

கேள்வி: 2022இல் மண்ணெண்ணெய் விலை ஏறிய பின்னர் இயந்திரத்தைக் கைவிட்டு, வீட்டு இணைப்பிலேயே ஒரு குதிரைவலு மோட்டர் பூட்டித் தோட்டத்துக்கு நீர் இறைக்கிறேன். இப்போது மின்பட்டியல் தாங்க முடியவில்லை. சூரியக்கல வசதி செய்தால் பயன் உண்டா?
*கமக்காரர், விசுவமடு*

பதில்: ஐயா, அந்த விலையேற்றம் ஒரே இரவில் நடந்தது. 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவாக்கப்பட்டது. கமக்காரரையும் கடற்றொழிலாளரையும் அது எப்படி உடைத்தது என்பதை விசுவமடுவில் இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் மோட்டர் மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகு எடுக்கும். நாளுக்கு இரண்டு மணி நேரம் இறைத்தால் அது மட்டும் 60 அலகு. வீட்டின் விளக்கும் விசிறியும் அதற்கு மேல் உயர்ந்த படியிலே ஏறி உட்காருகின்றன.

வீட்டுக் கூரையில் மின் உற்பத்தித் தொகுதி போடுவதையும் தோட்டத்துக்குச் சூரிய நீரிறைப்பி பூட்டுவதையும் பிரித்துப் பாருங்கள். மாதம் 50 அலகு எரிக்கும் வீடு மலிவான படியிலேயே இருப்பதால், அதற்குக் கூரைத் தொகுதிக்காகக் கடன்படுவது என் அபிப்பிராயத்தில் நட்டமே. தோட்டக் கதை வேறு. வெயில் உள்ளபோதுதான் பயிருக்கும் நீர் வேண்டும். நீரைத் தாங்கியில் ஏற்றி வைத்தால் மின்கலமும் தேவையில்லை. ஆனால் அதற்குப் பணம் கட்டுமுன் கிணற்றடியில் ஒரு சோதனை செய்யுங்கள். மோட்டரை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துப் போடும்போது நீர் உடனே வராமல் குழாயில் மீண்டும் நீர் வார்க்க வேண்டியிருந்தால், குழாயின் அடியில் நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் அடிவால்வு கசிகிறது. குழாய்ப் பொருத்துகளையும் பாருங்கள். கசிவோடு ஓடும் மோட்டர் காற்றையும் சேர்த்தே இறைக்கிறது. அதற்கும் மானி சுழலும்.

கேள்வி: இலண்டனில் இருக்கும் மகன், வீட்டைச் சூடாக்கும் செலவு கூடிவிட்டதால் முன்போல் பணம் அனுப்ப முடியவில்லை என்கிறார். வீட்டைச் சூடாக்க அவ்வளவு செலவாகுமா? எங்களுக்கு இங்கே வெயிலைத் தாங்க முடியவில்லை.
*ஒரு தாய், புதுக்குடியிருப்பு*

பதில்: அம்மா, மகன் சொல்வது உண்மைதான். அங்கே பெரும்பாலான வீடுகளில் எரிவாயுக் கொதிகலன் ஒன்று நீரைச் சூடாக்கி, சுவரோரம் உள்ள இரும்புத் தகடுகளுக்குள் ஓட விடுகிறது. அந்தத் தகடுகள் அறையைச் சூடாக்குகின்றன. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை அது இல்லாமல் இருக்க முடியாது. அந்நாட்டு ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்ஜெம் விதிக்கும் விலை வரம்பின்படி, சராசரிப் பாவனையுள்ள வீட்டின் மின்சார, எரிவாயுச் செலவு 2021 ஒக்டோபரில் ஆண்டுக்கு 1,277 பவுண். உக்ரேன் போர் தொடங்கிய பின்னர், 2022 ஓகஸ்ட்டில், அது 3,549 பவுணாக உயரப் போவதாக அறிவிக்கப்பட்டது. இங்கே ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் மின்கட்டணம் 75 சதவீதம் உயர்ந்ததும், மண்ணெண்ணெய் 340 ரூபாவானதும் அதே மாதத்தில்தான். தாய்க்கும் மகனுக்கும் ஒரே மாதத்தில் அடி விழுந்தது.

அங்குள்ள அரசு தலையிட்டு அந்தச் செலவை 2,500 பவுண் அளவில் நிறுத்தியது. ஆனால் அது ஒரு வீட்டின் மொத்தப் பட்டியலுக்கான எல்லை அன்று. அலகின் விலைக்கான எல்லை. கூட எரித்தவர் கூடத்தான் கட்டினார். 2025 ஜூலையில் வரம்பு 1,720 பவுணுக்கு இறங்கிய போதிலும், பழைய நிலை திரும்பவில்லை.

மகனிடம் இரண்டு விடயங்களைச் சொல்லுங்கள். அறையில் தனியாக மின்சூடாக்கி வைத்து எரிப்பதைக் குறைக்கட்டும். 2022 மாரியில் மின்சாரம் அலகுக்கு 34 பென்ஸ், எரிவாயு 10.3 பென்ஸ். 2,000 வாட் சூடாக்கியை நாளுக்கு ஐந்து மணி நேரம் போட்டவருக்கு அது மட்டுமே மாதம் 102 பவுண். அடுத்து, அவருடைய கொதிகலன் சுடுநீர்த் தாங்கி இல்லாத வகையானால், தகடுகளுக்கு நீரை அனுப்பும் வெப்பநிலையை 60 பாகைக்குக் குறைத்துப் பார்க்கட்டும். புகையோடு வெளியேறும் நீராவி உள்ளேயே ஒடுங்கி அதன் சூட்டையும் வீட்டுக்குத் தரும். தாங்கி உள்ள வீடானால், அதிலுள்ள நீர் போதிய அளவு சூடாகாமல் கிருமி பெருகும் அபாயம் உண்டு. தொழில் தெரிந்தவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

உங்களுக்குப் பணம் அனுப்புவதற்காக அவர் வீட்டைக் குளிர விட்டுவிடக் கூடாது என்பதே என் கவலை. உலக சுகாதார நிறுவனம் குளிர்நாட்டு வீட்டுக்கு 18 பாகையாவது வேண்டும் என்கிறது; அதற்குக் கீழே சுவரில் ஈரமும் பூஞ்சணமும் பிடித்துக் குழந்தைகளுக்கு இளைப்பு வரும். அடுத்த முறை அவர் அழைக்கும்போது, பேரப்பிள்ளைகள் படுக்கும் அறையில் எத்தனை பாகை என்று முதலில் கேளுங்கள்.