விலை குறைந்த பேஸ் கிட்டாரை மாற்ற வேண்டுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாகர்கோவில் பக்கம் ஓர் ஆலயத்தின் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த நான்கு கம்பி பேஸ்தான் என்னுடையது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு: பிரிசிஷன் வகை (பி) ஒன்று, ஜாஸ் வகை (ஜே) ஒன்று. இரண்டு வால்யூம், ஒரு டோன். பேட்டரி கிடையாது. வாங்கி மூன்று வருடம் ஆகிறது, கம்பி இன்னும் மாற்றவில்லை.

கழுத்தில் (நெக்) குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில், அதாவது பிரெட்டுகளில், முதல் நான்கைந்தில் கம்பி இரைகிறது. 12-வது பிரெட்டைத் தாண்டினால் சுருதி சேர்வதில்லை. வால்யூம் நாபைத் திருப்பினால் கரகரக்கிறது. ஆலயத்தில் கேபிளை நேராக மிக்ஸரில்தான் செருகுகிறோம். கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்ததும் என் வாசிப்பு கேட்பதே இல்லை. இதை விற்றுவிட்டுத் தவணையில் ஒரு பெரிய பிராண்டு, அதுவும் ஐந்து கம்பி, வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். எனக்கோ இந்தக் கிட்டார் பிடித்திருக்கிறது. பணம் இல்லாததால் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் ஒன்றுகூட கிட்டாரை மாற்றினால்தான் தீரும் என்ற வகையைச் சேர்ந்ததல்ல. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேஸாக இருந்தாலும், மூன்று வருடம் கம்பி மாற்றாமல் கடற்காற்றில் வைத்திருந்தால் இந்த நிலைக்குத்தான் வரும்.

விலை குறைந்த பேஸில் எங்கே கை வைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். இன்று தொழிற்சாலையில் செய்யும் பேஸ் எந்த விலையில் வந்தாலும், பெரும்பாலும் கணினி ஓட்டும் இயந்திரம்தான் மரத்தை அறுக்கிறது. நெக் உட்காரும் குழியும் பிரெட்டுக்கான பள்ளங்களும் மலிவான பேஸிலும் பெரும்பாலும் சரியான அளவில்தான் இருக்கும். மரம், மெஷின்ஹெட் (சுருதி முறுக்கும் திருகு), பிக்கப் ஆகியவற்றில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அதிகம் மிச்சமாவது கைவேலை நேரத்தில். பிரெட் முனைகளை உருட்டுவது, நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அராவுவது, கடைசியாக ஒருவர் உட்கார்ந்து கம்பியின் உயரத்தையும் சுருதியையும் சரிபார்த்து செட்டப் செய்வது எல்லாம் அவசரமாக முடிக்கப்படும், அல்லது விடுபட்டுப்போகும். அந்த நேரத்தை நீங்கள் கொடுக்கலாம். விலை உயர்ந்த பேஸுக்கும் உங்களுடையதற்கும் இடையில் பெரும்பாலும் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய வேலை.

முதலில் கம்பி. 34 அங்குல ஸ்கேல் பேஸுக்கு (நட்டிலிருந்து, உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரையான நீளம்) 45–105 என்ற தடிமனுள்ள செட் வாங்குங்கள். துருவேறிய கம்பியின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். அதில் எந்த பிரெட்டிலும் சுருதி ஒழுங்காக நிற்காது. உங்கள் 12-வது பிரெட் சிக்கலில் பாதி இங்கேயே தீரலாம். கம்பியை வெந்நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் புதிதாகும் என்று சொல்வார்கள். சுற்றுகளுக்கு இடையில் ஏறிய அழுக்குக்கு அது ஓரளவு கேட்கும். துருவுக்குக் கேட்காது. கம்பியைத் தறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மெஷின்ஹெட்டின் தூணைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டு, தறிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் கம்பியை 90 டிகிரி மடக்கிய பிறகே தறிக்க வேண்டும். மடக்காமல் தறித்தால் உள்கம்பியின் மேலிருக்கும் சுற்று நழுவி, புதுக் கம்பியே மந்தமாக ஒலிக்கும். தூணில் இரண்டு மூன்று சுற்று, மேலிருந்து கீழாக இறங்க வேண்டும். ஏ கம்பி மேலேயே நின்றுவிட்டால் நட்டில் போதிய அழுத்தம் இல்லாமல் திறந்த சுரம் அதிரும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் பிளாட்வவுண்ட் கம்பி, அதாவது தட்டையான சுற்று போட்ட கம்பி, போடுங்கள் என்பேன். சாதாரண செட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. ஆனால் வருடக்கணக்கில் வரும், விரல் உரசும் சத்தம் இருக்காது, பாடகர் குழுவுக்குப் பின்னால் கனமாக, உருண்டையாக நிற்கும். டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்தின் எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் ஒன்றில் தடித்த பிளாட்வவுண்ட் கம்பி போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றாமல் வாசித்தார். பிரிட்ஜ் மூடிக்குள் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு. ஒலிப்பதிவுக்கு ஆம்ப்கூட இல்லாமல் நேராக மிக்ஸருக்கு. பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் கம்பிகளுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டைச் செருகிப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சே போதும். சுரம் சீக்கிரம் அடங்கும். மெதுவான பாடல்களில் அதன் அழகு தெரியும்.

அடுத்தது இரைச்சல். புதுக் கம்பியைச் சரியான சுருதிக்கு ஏற்றிய பிறகே இதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நான்கு கம்பியும் சேர்ந்து நெக்கை 80 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. அந்த இழுப்பை எதிர்த்து நிற்பது நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடு என்ற இரும்புத் தண்டு. மிகத் தடித்த இ கம்பியை முதல் பிரெட்டிலும் கடைசி பிரெட்டிலும் அழுத்திக்கொண்டு, 7-வது 8-வது பிரெட் பக்கம் கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடையில் எவ்வளவு வெளி இருக்கிறது என்று பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பைக் உதிரிபாகக் கடையில் டாப்பெட் அளக்க விற்கும் ஃபீலர் கேஜ் இதற்குக் கச்சிதம். முதல் நான்கைந்து பிரெட்டில் மட்டும் இரைகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த வெளி அநேகமாக இல்லாமலே போயிருக்கும், நெக் முழுக்க நேராகியிருக்கும், அல்லது பின்பக்கமாக வளைந்திருக்கும். ட்ரஸ் ராடை அதன் திருகுமுனைப் பக்கமிருந்து பார்த்துக் கடிகாரச் சுற்றுக்கு எதிராகக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். பெட்டியோடு வந்த ஆலன் கீதான் வேண்டும். கொஞ்சம் லூசாக இருக்கும் கீயைப் போட்டால் முனை வழுக்கி, நெக்கே வீணாகும். மறுபடி சுருதி சேர்த்து, சில மணி நேரம் விட்டு, மறுபடி அளந்து பாருங்கள். மழைக்காலம் மாறி வெயில் வந்ததும் இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும். விலை உயர்ந்த மரமும் இதற்கு விலக்கல்ல.

ஒரே ஒரு பிரெட்டில் மட்டும் இரைந்தால் ட்ரஸ் ராடைத் தொடாதீர்கள். ஏடிஎம் கார்டின் நேரான விளிம்பை மூன்று பிரெட்டுகளின் மேல் நிறுத்தி அசைத்துப் பாருங்கள். ஆடினால் நடுவிலிருப்பது தூக்கியிருக்கிறது. அதைத் தட்டி உட்காரவைப்பதும் தேய்ப்பதும் கிட்டார் பழுது பார்ப்பவரின் வேலை.

பிறகு கம்பியின் உயரம். 17-வது பிரெட்டில் இ கம்பிக்கு அடியில் 2.4 மில்லிமீட்டர், மிக மெல்லிய ஜி கம்பிக்கு அடியில் 2 மில்லிமீட்டர் என்று, பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சேடிலின் திருகுகளால் வைத்து, உங்கள் விரல் பலத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குங்கள். திருகு முழுக்க இறங்கியும் கம்பி உயரமாகவே நின்றால், நெக்கைக் கழற்றி, குழியில் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் ஒரு விசிட்டிங் கார்டு துண்டை வைத்து மறுபடி பூட்டினால் போதும்.

இப்போது சுருதி. 12-வது பிரெட்டுக்கு மேல் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அதே பிரெட்டை அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலை நெக்கை விட்டுப் பின்னால் நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னால். இதை கம்பியின் உயரத்துக்குப் பிறகுதான் செய்ய வேண்டும். உயரம் மாறினால் இதுவும் மாறிவிடும். எவ்வளவு நகர்த்தியும் மேல் சுரங்கள் சேராமல் அலைந்தால் பிக்கப்பை இறக்கிப் பாருங்கள். மிக அருகிலிருக்கும் காந்தம் கம்பியை இழுத்துச் சுரத்தைக் கலைக்கும். கடைசி பிரெட்டை அழுத்தினால் கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையில் 3 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது.

நாபின் கரகரப்பு, அதற்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின் கார்பன் தடத்தில் படிந்த தூசிதான். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் கேட்டு வாங்கி, பொட்டென்ஷியோமீட்டரின் இடுக்கில் ஒரு பீய்ச்சு பீய்ச்சி, நாபை இருபது முறை இரு பக்கமும் திருப்புங்கள். துருப்பிடித்த போல்ட்டை இளக்கும் ஸ்ப்ரே வேண்டாம், அது எண்ணெயை விட்டுப்போகும். கேபிளை ஆட்டினால்தான் கரகரக்கிறது என்றால் கேபிள் செருகும் ஜாக்கைப் பாருங்கள். அதன் நட்டை வெளியிலிருந்து அப்படியே முறுக்கினால் உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழன்று ஒயர் அறுந்துவிடும். மூடியைக் கழற்றி, ஜாக்கைப் பிடித்துக்கொண்டு முறுக்குங்கள்.

ஆலயத்தில் கேட்காமல் போவதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயம். இங்கே இரண்டு காரணங்கள் சேர்கின்றன.

ஒன்று, பேட்டரி இல்லாத பிக்கப்பை மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் செருகுவது. அந்த உள்ளீட்டின் தடை 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். உங்கள் பிக்கப்புக்கு வேண்டியது 1 மெகா ஓம் அளவு. குறைந்த தடை பிக்கப்பை இழுத்துவிடுவதால் ஒலி மங்கி, பலமிழந்து போகிறது. லட்ச ரூபாய் பேட்டரியில்லா பேஸும் அங்கே இப்படித்தான் ஒலிக்கும். நீங்கள் செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான்: பிக்கப்பை மிக்ஸரோடு பொருத்திவைக்கும் ஆக்டிவ் வகை டிஐ பாக்ஸ் ஒன்று. மலிவானதே போதும். மிக்ஸர் மைக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரத்தில் (பேன்டம் பவர்) ஓடும். அதிலிருந்து மைக் கேபிள் வழியே மிக்ஸரின் மைக் உள்ளீட்டுக்குப் போங்கள். உறுமல் வந்தால் டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்து வாசிப்பது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது அது பளபளப்பாக இருக்கும். ஆனால் பி, ஜே இரண்டும் கலக்கும்போது நடு அலைவரிசைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. கூட்டத்தில் பேஸைக் காட்டிக்கொடுப்பது அந்த நடுப்பகுதிதான். பி பிக்கப்பை மட்டும் முழுக்கத் திறந்து, டோனைப் பாதியில் வைத்து வாசித்துப் பாருங்கள். உறுமலும் குறையும். பி பிக்கப்பின் இரு பாதிகள் உறுமலைத் தமக்குள்ளேயே ரத்துசெய்துகொள்கின்றன. ஒற்றைச் சுருள் ஜே பிக்கப்பால் அது முடியாது. சவுண்ட் பார்ப்பவரிடம் கீழ் அலைவரிசைகளை ஏற்றச் சொல்லாதீர்கள், 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக ஏற்றச் சொல்லுங்கள். திறந்த இ கம்பி 41 ஹெர்ட்ஸ். சுவரில் மாட்டிய சிறிய ஸ்பீக்கர்கள் அதை எழுப்புவதே இல்லை. காது கேட்பது அதன் மேலடுக்குகளை.

இதற்குப் பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டிய பேஸ்கள் உண்டு. நெக் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது, ட்ரஸ் ராடு கடைசி வரை திருகியும் அசையாதது, இவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் ஜி கம்பியில் 5-வதிலிருந்து 7-வது பிரெட்டுக்குள் ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போனால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெக்கை போல்ட்டால் பூட்டிய விலை உயர்ந்த பேஸ்களிலும் அது இருக்கிறது.

திருப்தி என்பதை இயலாமையோடு சேர்த்துப் பேசுகிறார்கள் உங்கள் நண்பர்கள். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் ஹாஃப்னர் பேஸை வாங்கியதற்கு ஒரு காரணம் ஃபெண்டர் வாங்கப் பணம் இல்லாதது. கையில் பணம் வந்த பிறகும் பீட்டில்ஸ் மேடைகளில் அவர் ஹாஃப்னரையே வாசித்தார்.

ஐந்து கம்பி பற்றி. ஐந்தாவதாக வரும் கம்பியின் கீழ் பி (B) சுரம் 31 ஹெர்ட்ஸ். 41-ஐயே எழுப்பாத ஸ்பீக்கரில் அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். டி ஸ்ருதிப் பாடல்களுக்கு இ கம்பியை டி-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கம்பியில் மட்டும் எல்லாச் சுரமும் இரண்டு பிரெட் மேலே தள்ளிப்போகும், ஒரு வாரத்தில் விரல் பழகிவிடும். இறக்கும்போது டி-யைத் தாண்டிக் கீழே போய், பிறகு மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி அப்படியே நிறுத்தினால், மெஷின்ஹெட்டின் பற்களுக்கு இடையிலுள்ள தளர்வால் பாட்டின் நடுவே சுருதி இறங்கும்.