ஞாபகத்தைத் திட்டுவதற்கு முன்

மறதியைப் பற்றி வந்த கடிதங்களைத் தனியாக ஓர் உறையில் போட்டு வைத்திருந்தேன். உறை கிழியும் அளவுக்கு நிறைந்துவிட்டதால் இந்த முறை முழுக்க அதற்கே கொடுத்துவிட்டேன். நரம்பியல் மருத்துவராக 34 வருடம் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டவன் நான். இப்போது வயது 73. பாதிக் கடிதங்களைப் படிக்கும்போது, இதை நான்தான் எழுதிப் போட்டேனோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

கேள்வி: ஏதோ எடுக்க அடுத்த அறைக்குப் போகிறேன். போய் நின்றால் எதற்கு வந்தேன் என்றே தெரியவில்லை. நன்றாகத் தெரிந்தவர்களின் பெயர் தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது. என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் டிமென்ஷியா இருந்தது. எனக்கும் ஆரம்பித்துவிட்டதா டாக்டர்? (வாசகி, 63 வயது)

பக்கத்திலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால், நீங்கள் எழுதிய இரண்டும் எல்லா வயதிலும் நடக்கிற விஷயங்கள். வாசலைத் தாண்டினால் மறந்துபோவதை கேப்ரியல் ராட்வான்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர் சோதித்துப் பார்த்து 2011ல் வெளியிட்டார். நடக்கும் தூரம் ஒன்றுதான். ஆனால் ஒரே அறைக்குள் நடந்தபோது இருந்த ஞாபகம், கதவைத் தாண்டி அடுத்த அறைக்குப் போனபோது குறைந்தது. சோதனைக்கு வந்தவர்கள் கல்லூரி மாணவர்கள்! இடம் மாறியதும் மூளை பழைய பக்கத்தை மூடிவிட்டுப் புதிய பக்கத்தைத் திறக்கிறது, அவ்வளவுதான். நான் செய்வது: எழுந்திருக்கும்போதே "கத்தரிக்கோல், கத்தரிக்கோல்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவேன். வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கத்தரிக்கோல் வந்து சேர்கிறதே.

பெயர் விஷயம் வேறு. ஒருவர் தச்சர் என்று தெரிந்தால் உளி, இழைப்புளி, மரத்தூள் வாசனை என்று பத்துக் கொக்கிகள் மனதில் மாட்டிக்கொள்ளும். அவர் பெயருக்கு அப்படி ஒரு கொக்கியும் இல்லை, வெறும் ஓசை. அதனால்தான் தொழில் நிற்கிறது, பெயர் நழுவுகிறது. என்னோடு ஐந்து வருடம் படித்த நண்பனை ஒரு கூட்டத்தில் அறிமுகப்படுத்த மைக்கைப் பிடித்துவிட்டு, பெயர் வராமல் "நம் எல்லோருக்கும் தெரிந்த நண்பர்" என்று சொல்லி ஒப்பேற்றியிருக்கிறேன். அன்று ராத்திரி பல் தேய்க்கும்போது பெயர் தானாக வந்தது. தாமதமாகவாவது வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

எதற்குக் கவலைப்படலாம் என்று கேட்டால்: சாவியை எங்கே வைத்தோம் என்பதற்கல்ல, சாவி எதற்கு என்று யோசிக்க வேண்டியிருந்தால். தினமும் போகிற வழியில் திசை தெரியாமல் நின்றால். வருடக்கணக்காகப் பார்த்த வரவுசெலவுக் கணக்கு திடீரென்று பிடிபடாமல் போனால். அரை மணிக்குள் அதே கேள்வியை மூன்று முறை கேட்டு, கேட்டதே தெரியாமல் இருந்தால். இதில் பெரும்பாலும் உங்களைவிட வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்களிடம் கேளுங்கள். அவர்களும் "ஆமாம், கொஞ்ச நாளாக ஒரு மாதிரி இருக்கிறது" என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: 22 வருடமாகத் தினமும் குறுக்கெழுத்துப் போடுகிறேன். இப்போதெல்லாம் காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன். மூளைக்கு இது போதும்தானே? (வாசகர், 70 வயது)

காபி ஆறுவதற்குள் முடிகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். போதாது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

2014ல் டெனிஸ் பார்க் என்ற ஆய்வாளரின் குழு 60 முதல் 90 வயது வரை உள்ளவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. சிலருக்கு டிஜிட்டல் போட்டோ எடுத்து கம்ப்யூட்டரில் திருத்தக் கற்றுக்கொடுத்தார்கள். சிலருக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்க. வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், 3 மாதம். இன்னொரு குழு கூடிப் பேசி, சேர்ந்து ஊர் சுற்றியது. மற்றொன்று வீட்டிலிருந்தே சொல் புதிர், இசை கேட்பது என்று தெரிந்த விஷயங்களிலேயே பொழுதுபோக்கியது. கடைசியில் ஞாபகத் தேர்வில் முன்னேறியவர்கள் புதிதாக ஒன்றைக் கற்றவர்கள், அதிலும் முக்கியமாக போட்டோ கற்றவர்கள். கம்ப்யூட்டர் அவர்களைப் படுத்திய பாடுதான் மருந்தாக இருந்திருக்கிறது.

குறுக்கெழுத்தை நான் மட்டம் தட்டவில்லை. லேசான ஞாபகக் குறைவு ஏற்கெனவே இருப்பவர்களை வைத்து 2022ல் வந்த ஓர் ஆய்வில், கம்ப்யூட்டர் மூளை விளையாட்டுகளைவிடக் குறுக்கெழுத்துதான் நன்றாக வேலை செய்தது. அந்த விளையாட்டு வியாபாரத்தில் பொய் விளம்பரமும் உண்டு. வயதால் வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்த ஒரு கம்பெனி, 2016ல் அமெரிக்க அரசு அமைப்பு போட்ட வழக்கில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நான் சொல்ல வருவது வேறு: உங்களுக்கு அது பழகிவிட்டது. பழகிய பாதையில் கால் தானாகப் போகும், மூளையும் அப்படித்தான்.

நான் 66 வயதில் கீபோர்டு கற்க உட்கார்ந்தேன். குரு என் பேத்தி, அப்போது வயது 11. இடது கை ஒரு தாளத்திலும் வலது கை வேறொன்றிலும் போக வேண்டும். மூன்று வாரம் என் இரண்டு கையும் ஒன்றையொன்று காப்பியடித்தன. "தாத்தா, உங்க லெஃப்ட் ஹேண்ட் தூங்குது" என்பாள். 34 வருடம் எல்லோரும் "சார், சார்" என்று எழுந்து நின்ற ஆளுக்கு அது லேசான அனுபவம் இல்லை. ஒரு நாள் கோபித்துக்கொண்டு மூடிவைத்தேன்கூட. ஏழு வருடம் ஆகியும் இன்னும் சுமாராகத்தான் வாசிக்கிறேன். சுமாராக இருக்கும்வரை அது எனக்குப் பயிற்சி. நீங்களும் கூச்சப்படாமல் சுமாராகச் செய்யக்கூடிய ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். குறுக்கெழுத்தை விட மனசில்லையா? போடுவதை விட்டு, நீங்களே ஒன்றை அமைத்துப் பாருங்கள். காபி நன்றாகவே ஆறிப்போகும்.

கேள்வி: என் கணவருக்குக் காது மந்தம். மெஷின் வைக்கச் சொன்னால் "கிழவன் மாதிரி இருக்கும்" என்கிறார். இப்போது ஞாபக மறதியும் சேர்ந்துகொண்டது. காதுக்கும் மூளைக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகி, 67 வயது)

உண்டு. இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கணவர் நான்தான். நான்கு வருடம் அதே வசனத்தைப் பேசினேன். அடுத்தவர் காதுக்கு எழுதிக்கொடுத்த கை, தன் காதுக்கு எழுதவில்லை.

வயதால் வரும் செவிக் குறைவில் முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஓசைகள். உயிரெழுத்துகள் கேட்கும், க, ச, த, ப எல்லாம் குழம்பும். "கதவைத் தட்டறாங்க" என்று மனைவி சொன்னால் எனக்குக் "கட்டறாங்க" என்று விழும். கதவை யார் கட்டுவது என்று நான் கேட்க, அதற்குள் வந்தவர் போயே போய்விட்டார். பேச்சு காதில் விழுகிறது, ஆனால் புரியவில்லை. அதனால்தான் "எனக்குக் கேட்கிறது, நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள்" என்று எங்களைப் போன்றவர்கள் சண்டைக்கு வருகிறோம். பொய் இல்லை, எங்களுக்கு அப்படித்தான் இருக்கிறது.

இனி மூளை. விட்டுப்போன எழுத்தை ஊகித்து நிரப்புவதற்கே கவனமெல்லாம் செலவாகிவிட்டால், சொன்ன செய்தியைப் பத்திரப்படுத்த என்ன மிச்சம் இருக்கும்? சரியாக உள்ளே போகாதது வெளியே எப்படி வரும்? அதை மறதி என்று பெயர் சூட்டிவிடுகிறோம். அடுத்த கட்டம் இன்னும் மோசம். கூட்டத்தில் பேச்சு புரியாததால் கூட்டத்துக்கே போவதில்லை. நானும் கல்யாண வீடுகளில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, எல்லோரும் சிரிக்கும்போது சேர்ந்து சிரிக்கப் பழகியிருந்தேன்.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024ல் டிமென்ஷியாவுக்கான, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலக அளவில் ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணிப்பு. அந்தப் பட்டியலில் செவிக் குறைவும் இருக்கிறது. அந்த வருடம்தான் பார்வைக் குறைவையும் சேர்த்தார்கள். மெஷின் வைத்தால் மூளைக்கு லாபமா என்று 70 முதல் 84 வயது வரை 977 பேரை 3 வருடம் கவனித்த ஆய்வு 2023ல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் மறதி வரும் ஆபத்து ஏற்கெனவே அதிகம் இருந்தவர்களிடம், மனத்திறன் சரிவின் வேகம் 48 சதவீதம் குறைந்தது.

அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லாதீர்கள், எடுபடாது. என்னை மடக்கியது பேத்தி. கீபோர்டில் மேல் ஸ்தாயிக் கட்டையை அழுத்திவிட்டு, "இது கேட்டுச்சா?" என்றாள். நான் அவள் விரலைப் பார்த்து "கேட்டது" என்றேன். அவள் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்திருந்தாள்.

மெஷின் வந்ததும் முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். காகிதம் சரசரப்பதே இடி மாதிரி விழும். கழற்றி எறிய விடாதீர்கள்; மூளை பழகக் கொஞ்ச நாள் வேண்டும்.

கேள்வி: எல்லா எண்ணும் போனில் இருக்கிறது. மகள் நம்பர்கூட எனக்கு மனப்பாடமில்லை. இது ஆபத்தா? (வாசகர், 58 வயது)

ஆபத்தில்லை, சோம்பல். போன் தொலைந்த அன்று தேவைப்படும் இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். ஆனால் உங்கள் கேள்விக்குப் பின்னால் நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006ல் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். சிலர் இரண்டு முறை படித்தார்கள். சிலர் ஒரு முறை படித்து, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னிலை. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம், படித்தவர்களுக்கு 42.

ஆக, உள்ளே திணிப்பதைவிட வெளியே இழுப்பதுதான் பலம். வாங்க வேண்டியதைப் பட்டியல் போட்டு எடுத்துப் போகிறேன். ஆனால் எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று தோன்றிய பிறகுதான் பையிலிருந்து எடுத்துப் பார்ப்பேன். 9 பொருளில் 7 தேறினால் அன்று எனக்கு முதல் வகுப்பு. ராத்திரி விளக்கணைத்ததும் அன்றைக்கு யாரோடு என்ன பேசினேன் என்று காலையிலிருந்து வரிசையாக ஓட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் மதியத்துக்குள் தூங்கிவிடுகிறேன்.

கேள்வி: நடைப்பயிற்சி மூளைக்கும் நல்லதா? (வாசகி, 61 வயது)

நல்லது. 2011ல் வெளியான ஆய்வில் 120 முதியவர்கள். ஒரு பகுதியினர் வாரம் 3 நாள், 40 நிமிடம் வரை, ஒரு வருடம் வேகமாக நடந்தார்கள். ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது; கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது. பாட்டுப் பாட முடியாத, பேச மட்டும் முடிகிற வேகம் சரியான வேகம்.

கேள்வி: ஞாபக சக்திக்கு நல்ல டானிக் ஒன்று எழுதித் தர முடியுமா? (வாசகர், 72 வயது)

முடியாது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சில தூக்க மாத்திரைகளும், தூக்கம் வரவழைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகளும் வயதானவர்களின் ஞாபகத்தை மங்கவைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேட்டு நிறுத்துங்கள். பி12 குறைவு, தைராய்டு குறைவு இரண்டும் மறதி வேஷத்தில் வரும்; சாதாரண ரத்தப் பரிசோதனையில் பிடிபடும். பி.பி.யை விடாதீர்கள். 9,361 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019ல் வந்தது. மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு, 140க்குக் கீழே போதும் என்று விடப்பட்டவர்களைவிட, லேசான மனத்திறன் குறைவு 19 சதவீதம் குறைவாக வந்தது. உங்களுக்கு எந்த அளவு சரி என்பது உங்களைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் ஞாபகம் எப்படி இருக்கிறது? (வாசகர், 81 வயது)

நீங்கள் எதை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று தெரியும். போன மாதம் நான் பதில் எழுதிய முதுகுவலிக் கேள்விக்கு நான்கு மாதத்துக்கு முன்பே ஒரு முறை பதில் எழுதியிருந்தேன். எனக்கும் தெரியவில்லை, ஆசிரியருக்கும் தெரியவில்லை, அச்சுக்கு முன் திருத்திய இளைஞருக்கும் தெரியவில்லை. பக்க எண்ணோடு கடிதம் எழுதிப் பிடித்தவர் நீங்கள் ஒருவர்தான். ஐயா, தினமும் என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதுங்கள். அடுத்த மாதம் கேள்வி என்னுடையது.