மாற்றுத்திறனாளிகள் வேலைக்கு அரசுப் பணம்: கேள்வி பதில்

கேள்வி (விழுப்புரம்): அக்கா, உலக வங்கி நமக்குப் பணம் கொடுத்திருக்காமே, எங்க கைக்கு வருமா?

ரொக்கமா வராது தம்பி. மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு ‘உரிமைகள்’ திட்டத்துக்கு 2022 ஜூனில் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் தந்தது. மாநில அரசும் தன் பங்கைப் போடுகிறது. கடனைக் கட்டப்போவது அரசுதான், நீங்கள் இல்லை. முன்களப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கணக்கெடுப்பது, ‘விழுதுகள்’ மையங்களில் இயன்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, வேலைக்குத் தயார்படுத்துவது என்று சேவையாகத்தான் வரும். கணக்கெடுக்க வருகிறவர்களிடம் வீட்டுப் பிள்ளையை மறைக்காதீர்கள். பட்டியலில் பெயர் இல்லாதவரைத் தேடி எந்தத் திட்டமும் வராது.

கேள்வி (தென்காசி அருகே கிராமம்): போலியோவால் ஒரு கால் நடக்க வராது. ரெடிமேட் தைக்கும் யூனிட் போட 4 லட்சம் வேணும். மானியம் உண்டா?

உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவு. உங்கள் கைப்பணம் 5%, அதாவது 20,000 ரூபாய். மீதி 3,80,000 வங்கிக் கடன். கிராமம் என்பதால் 35% மானியம், 1,40,000. நகரமாக இருந்தால் 25% தான். மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் 3 ஆண்டு வைப்பாக இருந்து, யூனிட் நடப்பதைப் பார்த்தபின் கடனில் கழியும். அந்த மானியத் தொகை அளவுக்குக் கடன் வட்டியும் கிடையாது.

புது யூனிட்டுக்கு மட்டுமே இது. ஏற்கெனவே நடக்கும் கடையைக் காட்டி விண்ணப்பித்தால் தள்ளிவிடுவார்கள். இன்னொன்று: 10 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக்கூடாது. “வீட்டுப் பத்திரம் கொண்டா” என்று வங்கியில் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். விண்ணப்பத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் உதவுவார்கள்.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனி உரிமையாளர்): காது கேளாத இரண்டு பேரை எடுக்க யோசிக்கிறேன். அரசு ஏதாவது தருமா? அவர்களால் சமாளிக்க முடியுமா?

யோசித்ததற்கே நன்றி அண்ணே. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, தனியார் பணியாளர்களில் குறைந்தது 5% மாற்றுத்திறனாளிகள் இருக்க அரசை ஊக்கத்தொகை தரச் சொல்கிறது. கட்டாயம் இல்லை. அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். முதலாளி கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை அரசே ஏற்கும் திட்டம் 2008 ஏப்ரலில் வந்தது. இப்போதைய நிபந்தனைகளை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேளுங்கள். மற்றவர்களுக்கு இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000, மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000.

சமாளிப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஓவர்லாக் மெஷின் சத்தத்தில் காது கேட்கிறவர்களே சைகையில்தானே பேசிக்கொள்கிறார்கள்! ஷிப்ட் மணியோடு ஒரு விளக்கும் எரியட்டும். தீ எச்சரிக்கைக்கும் அப்படியே. சூப்பர்வைசர் நாலு சைகை கற்றுக்கொண்டால் போதும்.

கேள்வி: அரசுப் பேருந்து ஓட்டுநர் நான். விபத்தில் கால் போனது. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

முடியாது. அதே 2016 சட்டத்தின் 20(4)ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைத் தடுக்கிறது. பதவியையும் குறைக்கக்கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணி தரவேண்டும். அது இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி, பொருத்தமான பணி கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை வைத்திருக்கவேண்டும். ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம், பி.காம். முடித்திருக்கிறான். அரசு வேலை ஒதுக்கீடு பொருந்துமா?

பொருந்தும் அம்மா. 4% ஒதுக்கீட்டில் 1% ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40% அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். குறைத்துப் போட்டுவிட்டதாகத் தோன்றினால் அதே 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். யூ.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.